கிட்டார் கார்டு டயகிராமை எங்க வைக்கிறது? நாலு வழி, நாலுக்கும் உள்ள செலவு

டிசம்பர் கிட்ட வந்துட்டா தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்து சர்ச் கொயர் பசங்ககிட்ட இருந்து வர்ற கேள்வி எல்லாம் ஒரே ரகம்தான். கம்ப்யூட்டர்ல நொட்டேஷன் எழுதற சாஃப்ட்வேர்ல, ஒரு கார்டுக்கு (பல சுரத்த ஒண்ணா சேத்து அடிக்கறது) எந்தக் கம்பியில விரல் வைக்கணும்னு காட்டற சின்னப் படம் இருக்கே, அந்த டயகிராம் பத்தித்தான். "அண்ணே, மியூஸ்ஸ்கோர்ல டயகிராம் ஒண்ணு மேல நிக்குது, ஒண்ணு கீழ நிக்குது." "பக்கத்து டயகிராமோட முட்டுது." "பிரிண்ட் எடுத்தா மேல் வரியோட பாட்டு எழுத்துமேல போயி உக்காந்துருக்கு." கடைசியா, "பேசாம சிபெலியஸுக்கு மாறிடவா, இல்ல டொரிகோ நல்லாருக்குன்றாங்களே?" லைட் மியூசிக் ட்ரூப்ல வாசிக்கிறவங்களும் இதையேதான் கேக்குறாங்க, பாட்டு மட்டும்தான் வேற.

சாஃப்ட்வேர் மாத்துறது ரெண்டாவது கேள்வி. அதுக்கு முன்னாடி, அந்த ஆறு கம்பி படத்த தாள்ல எங்க வைக்கப்போறீங்க, எத்தன தடவ வைக்கப்போறீங்கன்னு முடிவு பண்ணணும். இத முடிவு பண்ணாம மௌஸ எடுத்து இழுக்க ஆரம்பிச்சா எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் ராத்திரி பூரா இழுத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். என்கிட்ட வர்ற ஃபைல்ல பாதிக்கு மேல சாஃப்ட்வேர்ல ஒரு கோளாறும் இருக்காது, ஒரே ஜி கார்டுக்கு இருபது தடவ படம் போட்டுருப்பாங்க, அதான் இடிக்குது.

அஞ்சு கோட்டுல நோட்டு எழுதற ஸ்டாஃப் நொட்டேஷன் நம்ம ஊருக்கு ஒண்ணும் புதுசு இல்ல, ரெண்டாம் சரபோஜி காலத்துலயே தஞ்சாவூர் அரண்மனையில மேல்நாட்டு பேண்ட் இருந்துச்சு, அந்தக் கால நொட்டேஷன் தாளுங்க இன்னும் சரஸ்வதி மகால்ல இருக்கு. ஆனா அஞ்சு கோட்டுக்கு மேல கிட்டார் படம் வைக்கிறது அந்த நொட்டேஷனோட பொறந்த பழக்கம் இல்ல, பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது, அதனாலதான் அதுக்குன்னு தனியா இடம் பண்ணிக் குடுக்க வேண்டியிருக்கு.

## எதை வச்சு முடிவு பண்றது

முதல்ல, தாள் யார் கையில இருக்கப் போகுது. ஆறு மாசம் கிட்டார் கத்துக்கிட்ட பையனா, பத்து வருஷம் கச்சேரி வாசிச்சவரா, இல்ல பாட்டு மட்டும் பாடுற அக்காவா. பாடுறவங்களுக்கு டயகிராம் வெறும் கிறுக்கல்தான், அவங்க கண்ணு சாகித்தியத்துலதான் இருக்கும்.

அடுத்து சுருதி. நம்ம ஊர்ல இதுதான் பெரிய விஷயம். ரிகர்சல்ல ரெண்டரைக் கட்டைன்னு சொல்லிட்டு, மேடையில ஏறுனதும் "தொண்ட சரியில்ல, ஒன்றரையில வைங்க"ன்னு சொல்ற ஆளுங்களுக்கு எழுதுறோமா, இல்ல சர்ச்சுல பாடற பாமாலை மாதிரி எப்பவும் ஒரே சுருதியில நிக்கிற பாட்டுக்கு எழுதுறோமான்னு பாக்கணும்.

மூணாவது, பக்கம். ஒரு பாட்டு ஒரு பக்கத்துல முடிஞ்சா ஜெராக்ஸ் ஒண்ணு, ரெண்டு பக்கமாச்சுன்னா நாப்பது பேர் கொயருக்கு நாப்பது தாள் கூடுதல், அதோட பாட்டு நடுவுல தாள் திருப்பற சத்தம் வேற. வேளாங்கண்ணியில ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் நடக்குற திருவிழா மாதிரி கடல் காத்துல வெளிய நின்னு வாசிக்கிற இடம்னா, ரெண்டாவது பக்கம் இருக்கறதே ஒரு ரிஸ்க்.

நாலாவது, அந்தக் கார்டு வடிவம் தெரிஞ்சதா தெரியாததா. சி, ஜி, ஏ மைனருக்கு எல்லாம் படம் எதுக்கு? எஃப் ஷார்ப் பேஸ் வச்ச டி கார்டு, நாலாவது ஃப்ரெட்ல (கிட்டார் கழுத்துல குறுக்க இருக்கற கட்டம்) ஒரே விரலால பல கம்பிய அமுக்கற பாரே கார்டு, இந்த மாதிரிக்குத்தான் படம் வேணும்.

கடைசியா, நாளைக்கு இந்த ஃபைல திறக்கப் போறது யாரு. நீங்க சென்னைக்கு வேலைக்குப் போயிட்டா அடுத்த வருஷம் இதே ஃபைல வேற ஒரு தம்பிதான் திறப்பான், அவன்கிட்ட எந்த வெர்ஷன் இருக்கும்னு யாருக்குத் தெரியும்.

## வழி ஒண்ணு: கார்டு மாறுற ஒவ்வொரு இடத்துலயும் டயகிராம்

எல்லாரும் முதல்ல போறது இதுக்குத்தான், ஏன்னா வாங்குற பாட்டுப் புஸ்தகத்துல இப்படித்தான் இருக்கு. கத்துக்கற பையனுக்கு இது நெஜமாவே நல்லது, கண்ணு மேல கீழ அலைய வேண்டாம், கார்டு வர்ற இடத்துலயே விரல் எங்கன்னு தெரிஞ்சிடும். ஒரு பாட்டுல மூணு நாலு கார்டுதான், அதுவும் ரெண்டு பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) ஒண்ணுதான் மாறுதுன்னா தாராளமா இதுக்கே போங்க.

செலவு எங்கன்னா முதல்ல உயரம். ஏ4 தாள் 297 மில்லிமீட்டர், மேல கீழ 15 விட்டா 267 மிச்சம். ஸ்டாஃப், அதுக்குக் கீழ ரெண்டு வரி சாகித்தியம் எல்லாம் சேத்து ஒரு வரிக்கு சுமாரா 25 மில்லிமீட்டர்னு வச்சுக்கங்க, தலைப்பு போக ஒம்பது வரி ஒரு பக்கத்துல உக்காந்துடும். டயகிராமும் மேல கார்டு பேரும் சேந்தா இன்னொரு 15 மில்லிமீட்டர். அப்ப வரி 40 ஆச்சு, பக்கத்துக்கு ஆறு வரிதான். நாலு சரணம் உள்ள கீர்த்தனைன்னா சாகித்திய வரியும் ஏறும், ரெண்டாவது பக்கம் நிச்சயம்.

அகலம் இன்னும் மோசம், ஆனா வேற மாதிரி மோசம். பக்கத்து மார்ஜின், வரி ஆரம்பத்துல வர்ற கிளெஃப், கீ சிக்னேச்சர் குறி எல்லாம் போக ஒரு வரியில 160 மில்லிமீட்டர் கிடைக்கும், நாலு பாருக்கு எட்டு கார்டு போட்டாலும் ஆளுக்கு 20, டயகிராம் ஒண்ணு 10 மில்லிமீட்டர்தான், கணக்குப்படி இடம் தாராளமா இருக்கு. ஆனா கார்டு மாத்தம் சமமா பிரிஞ்சு வராது, ஒரு பார் முழுக்க சி இருக்கும், கடைசி அரை பீட்டுல எஃப் வந்து உடனே ஜி வரும், அந்த ரெண்டும்தான் முட்டிக்கும். சாகித்தியம் தமிழ்ல இருந்தா கொஞ்சம் தப்பிச்சுக்கலாம், 'ணை', 'றா', 'னோ' எல்லாம் அகலமான எழுத்து, ஒவ்வொரு நோட்டையும் தானா தள்ளி வச்சிடும். 'ஆ'ன்னு ஒரே எழுத்த பத்து நோட்டுக்கு இழுக்கற சங்கதி வந்தா அந்த உதவியும் போச்சு.

இந்த வழியிலதான் பிரச்சனை அதிகம், அதனால சரி பண்ற விதத்தையும் இங்கயே சொல்லிடறேன்.

படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கி நிக்குது. பாட்டுல மேல் ஸ்தாயி நோட்டு வர்ற இடத்துல டயகிராம் மோதாம இருக்க சாஃப்ட்வேரே அத மேல தள்ளுது, மத்த இடத்துல கீழயே விட்டுடுது. மியூஸ்ஸ்கோர்ல ஒவ்வொண்ணா இழுக்காதீங்க. ஃபார்மேட், ஸ்டைல், ஃப்ரெட்போர்டு டயகிராம்ஸ்னு போயி அங்க உள்ள உயரத்த கூட்டுங்க, பாட்டுலயே உச்சத்துல இருக்கற நோட்டுக்கும் மேல நிக்கிற அளவுக்கு. அப்ப எதையும் தள்ள வேண்டிய அவசியம் சாஃப்ட்வேருக்கு வராது, எல்லாம் ஒரே கோட்டுல நிக்கும். பக்கம் கொஞ்சம் நீளும், அது இதோட வெல.

நேத்து சரியா இருந்துச்சு, இன்னிக்கு வேற வரியில கெடக்கு. மௌஸால இழுத்ததோட பலன் இது. நீங்க இழுத்த தூரம் அந்த டயகிராமோட ஒட்டிக்கும், அப்புறம் நீங்க ஸ்டாஃப் சைஸ சின்னதாக்கினாலோ ஒரு பார அடுத்த வரிக்குத் தள்ளினாலோ பழைய தூரம் அப்படியே இருக்கும், சுத்தி இருக்கறது மட்டும் மாறிப்போயிடும். முதல்ல எல்லா டயகிராமையும் சேத்து செலக்ட் பண்ணி கண்ட்ரோல், ஆர் அமுக்குங்க, இழுத்தது எல்லாம் அழிஞ்சு பழைய எடத்துக்கு வந்துடும். அதுக்கப்புறம் ஸ்டைல மாத்துங்க. கையால இழுக்கணும்னா பக்கம், வரி எல்லாம் முடிவான பிறகு, பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி கடைசி வேலையா இழுங்க.

பாக்க சரியா இருக்கு, ஆனா தப்பான நோட்டுல ஒட்டியிருக்கு. ரெண்டாவது நோட்டுல போட வேண்டியத முதல் நோட்டுல போட்டுட்டு வலது பக்கம் இழுத்து வச்சிருப்பாங்க. அந்த ரெண்டு நோட்டுக்கும் நடுவுல வரி உடைஞ்சா டயகிராம் மேல் வரியோட கடைசியில தொங்கும். டயகிராம க்ளிக் பண்ணி லேசா அசைச்சா எந்த நோட்டுல கட்டியிருக்குன்னு ஒரு புள்ளிக் கோடு காட்டும், அத பாருங்க. தப்புன்னா இழுக்காம அழிச்சுட்டு சரியான நோட்டுல புதுசா போடுங்க.

பேர் ரெண்டு தடவ வருது. கண்ட்ரோல், கே அமுக்கி ஜின்னு டைப் பண்ணிட்டு, அதே இடத்துல பக்கவாட்டுல உள்ள பேலட் பெட்டியில இருந்து ஜி டயகிராமையும் போட்டா, டயகிராம் தன்னோட பேரையும் கூட்டிக்கிட்டு வந்துடும். ஏதாவது ஒண்ண எடுங்க. நான் டைப் பண்ணினத எடுத்துட்டு டயகிராமோட வந்தத வச்சுக்குவேன், அப்பதான் ரெண்டும் ஒண்ணா நகரும்.

மேல ஒரே கூட்டம். டெம்போ, பாட்டோட பகுதிக்கு ஏ, பின்னு போடற ரிகர்சல் லெட்டர், ஒண்ணு ரெண்டுன்னு போடற ரிப்பீட் கோடு, டயகிராம், எல்லாம் ஸ்டாஃபுக்கு மேல இருக்கற அதே சந்துல, தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ல சீட் பிடிக்கிற மாதிரி அடிச்சுக்கும். டயகிராம் ஸ்டாஃபுக்குப் பக்கத்துல, ரிப்பீட் கோடு அதுக்கு மேல, ரிகர்சல் லெட்டர் எல்லாத்துக்கும் மேலன்னு ஒரு வரிசைய முடிவு பண்ணிட்டு அதே மாதிரி ஸ்டைல்ல உயரம் குடுங்க.

ஒரு கார்ட கிட்டத்துல பாப்போம். மாயாமாளவகௌளையில ஒரு கீர்த்தனை, சுருதி சி. சி மேஜர் சரி, எஃப் மைனர் சரி, ஈ மைனர்கூட ராகத்துக்குள்ள வரும். பழக்க தோஷத்துல ஜி மேஜர் போட்டீங்கன்னா அதுல உள்ள டி இந்த ராகத்துலயே கிடையாது, பாடுறவங்க ரிஷபத்துக்கு வரும்போது கிட்டார் தனியா நிக்கும். இந்த ராகத்துக்கு ருசி குடுக்கறது டி ஃபிளாட் மேஜர். மியூஸ்ஸ்கோரோட பழைய பேலட்ல டி ஃபிளாட்டே இருக்காது, மேஜர், மைனர், ஏழு (ஜி7 மாதிரி) இந்த மூணுதான், அதுவும் சி டி ஈன்னு ஏழு சுரத்துக்கு மட்டும். அதனால கையால வரையணும்: ஆறாவது கம்பி எக்ஸ் (அடிக்கக்கூடாது), அஞ்சாவது கம்பியில இருந்து முதல் கம்பி வரைக்கும் நாலாவது ஃப்ரெட்ல பாரே, நடுவுல மூணு கம்பியும் ஆறாவது ஃப்ரெட். படம் நாலாவது ஃப்ரெட்ல ஆரம்பிக்கறதால பக்கத்துல 4ன்னு ஒரு நம்பர் வரும், அந்த நம்பர்தான் பக்கத்து டயகிராமோட முட்டற ஆளு. நிறைய பேர் படத்தையே சின்னதாக்கறாங்க, தேவையில்ல. நம்பர் இடது பக்கமா வலது பக்கமான்னு அதே ஸ்டைல் பக்கத்துல இருக்கு, நெரிசல் இல்லாத பக்கத்துக்கு மாத்துனா போதும்.

சின்னதாக்கறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. ஸ்கிரீன்ல பெருசு பண்ணிப் பாத்தா எல்லாம் அழகாத்தான் இருக்கும். பிரிண்ட் எடுத்து, அத ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸ இன்னொருத்தர் ஜெராக்ஸ் எடுத்தா, மேல உள்ள சின்ன ஓ உள்ள அடைச்சுக்கும், எக்ஸ் ஒரு புள்ளியாயிடும், திறந்த கம்பியா அடிக்கக்கூடாத கம்பியான்னே தெரியாது. அப்படி ஒரு டயகிராம் இருக்கறதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான்.

## வழி ரெண்டு: முதல் தடவ வரும்போது மட்டும்

ஒவ்வொரு கார்டும் பாட்டுல முதல்ல எங்க வருதோ அங்க மட்டும் படம், அதுக்கப்புறம் பேர் மட்டும். கேக்க நியாயமா இருக்கு, எனக்கு அவ்வளவா பிடிக்காது. மூணாவது சரணத்துல எஃப் மைனர் மறந்துபோன பையன் மேல தேடணும், எந்த வரியில முதல்ல வந்துச்சுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? வரிங்களோட உயரமும் சமமா இருக்காது, மேல ரெண்டு வரி அகலமா, கீழ எல்லாம் நெருக்கமா, பக்கம் ஏதோ பாதியில வேலைய விட்டுட்டுப் போன மாதிரி இருக்கும்.

பாட்டு நெடுக தெரிஞ்ச கார்டுதான், நடுவுல ஒரே ஒரு வித்தியாசமான வடிவம் வருதுன்னா அப்ப இது சரி. அந்த ஒண்ணுக்கு மட்டும் படம், அது வர்ற இடத்துலயே.

## வழி மூணு: பாட்டு ஆரம்பிக்கறதுக்கு மேல ஒரே வரிசையா

தலைப்புக்குக் கீழ, முதல் ஸ்டாஃபுக்கு மேல, இந்தப் பாட்டுல வர்ற கார்டு எல்லாம் வரிசையா ஒரு தடவ. அப்புறம் பாட்டு நெடுக பேர் மட்டும். பெரும்பாலான கொயருக்கும் ட்ரூப்புக்கும் நான் சொல்றது இதுதான்.

பக்கத்துக்கு மொத்தமே 20 மில்லிமீட்டர்தான் போகும். டயகிராம் ஒண்ணோட ஒண்ணு முட்டற பேச்சே இல்ல, நோட்டு உயரமா தாழ்வான்னு கவலையும் இல்ல, படத்த பெருசாவே போடலாம், ஜெராக்ஸ்ல அழியாது. கிட்டார்காரர் பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்குவார், ஒரே கார்டுக்கு ரெண்டு வடிவம் இருந்தா எத வாசிக்கணும்னும் அங்கயே தெரிஞ்சிடும். ரெண்டு கிட்டார் சேந்து வாசிக்கற இடத்துல இது ரொம்ப முக்கியம், ஒருத்தர் திறந்த கம்பி சி, இன்னொருத்தர் எட்டாவது ஃப்ரெட் சின்னு வேணும்னே பிரிச்சு எழுதலாம்.

இதுக்குப் பக்கத்துலயே கேப்போ (கம்பிங்கள மொத்தமா அமுக்கிப் பிடிச்சு சுருதிய ஏத்தற கிளிப்) எத்தனாவது ஃப்ரெட்னும் எழுதிடுங்க, இதுலதான் நம்ம ஊரு சுருதிக் கதை முடியும். பாட்டு ரெண்டரைக் கட்டை, அதாவது ஈ ஃபிளாட். டயகிராம சி வடிவத்துலயே போட்டு கேப்போ 3ன்னு எழுதியாச்சு. மேடையில பாடுறவர் ஒன்றரைன்னு இறங்கிட்டார்னா கேப்போவ 1க்கு நகத்துனா முடிஞ்சுது, ஒரு டயகிராமும் மாற வேண்டாம். ஒரு கட்டைன்னா கேப்போவே வேண்டாம். கீபோர்டுகாரர் எப்படியும் டிரான்ஸ்போஸ் பட்டன அமுக்கிட்டுப் போயிடுவார். ஒரு கட்டைக்கும் கீழ இறங்கி, கீழ் ஸ்தாயி ஏழு கட்டையில (பி) பாடறேன்னாத்தான் சிக்கல், அப்ப ஏ வடிவம், கேப்போ 2, டயகிராம் எல்லாம் புதுசு. அப்படிப் பாடற பழக்கம் உள்ளவர்னு முன்னாடியே தெரிஞ்சா அந்த வரிசையையும் கீழ இன்னொரு வரியா போட்டு வச்சிடுங்க.

குறைன்னா, பதினஞ்சு கார்டு உள்ள பாட்டுக்கு இந்த வரிசையே ரெண்டு மூணு வரியாயிடும், பாதி பேருக்கு அதுல பாதி தேவைப்படாது. அப்ப கஷ்டமானத மட்டும் போடுங்க, சி, டி, ஜிக்கு எல்லாம் கௌரவம் பாக்க வேண்டாம். முழு புதுசா கத்துக்கற பையன் வாசிச்சுக்கிட்டே மேல பாக்க முடியாதுங்கறதும் உண்மைதான்.

## வழி நாலு: நொட்டேஷன்ல பேர் மட்டும், படம் தனித் தாள்ல

கொயர் முழுக்க ஒரே நொட்டேஷன், கிட்டார் வாசிக்கிற ரெண்டு பேருக்கு மட்டும் இன்னொரு தாள். அந்தத் தாள்ல சாகித்தியம், அதுக்கு மேல கார்டு பேர், கீழ டயகிராம் வரிசை, ஸ்டாஃபே கிடையாது. கார்ட்ப்ரோன்னு ஒரு முறை இருக்கு, சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல பாட்டு வரிக்கு நடுவுல சதுர அடைப்புக்குள்ள கார்டு பேர எழுதினா போதும், அது பேர மேல ஏத்தி, வர்ற கார்டுக்கு எல்லாம் படத்தையும் போட்டுக் குடுத்துடும். சுருதி மாத்தணும்னா ஒரு வரியில வேல முடிஞ்சிடும். ஃபோன்லயே திறந்து பாக்கலாம்.

ஊர் ஊரா கோயில் திருவிழாவுக்குப் போற ட்ரூப்புக்கு இதுதான் ஒத்து வரும், ஒரு ராத்திரிக்கு முப்பது பாட்டு, மேடை லைட்டு செவப்புலயும் நீலத்துலயும் மாறிக்கிட்டே இருக்கும், அந்த வெளிச்சத்துல நோட்டு நோட்டா யாரு படிக்கப் போறாங்க.

மறைஞ்சிருக்கற செலவு ரெண்டு ஃபைல் வச்சுக்கறது. நொட்டேஷன்ல ஏ மைனர எஃப்னு திருத்திட்டு தனித் தாள்ல திருத்த மறந்தா, ரிகர்சல்ல கிட்டாரும் கீபோர்டும் ஆளுக்கு ஒரு கார்டு அடிக்கும், யார் தாள் சரின்னு அங்க ஒரு பஞ்சாயத்து நடக்கும். ரெண்டு தாள்லயும் மூலைல தேதி போட்டு வைங்க. அப்புறம் கார்டு எந்த நோட்டுல மாறணும்னு தாளக் கணக்கா தெரியாது, எழுத்துக்கு மேல இருக்குன்னு மட்டும்தான் தெரியும். பாட்டு தெரிஞ்சவங்களுக்கு பரவால்ல, தெரியாத புதுப் பாட்டுக்கு ஆகாது.

## ஒரே பார்வையில

| வழி | யாருக்கு | பக்கம் | சுருதி மாறினா | உங்க வேலை |
|---|---|---|---|---|
| ஒவ்வொரு இடத்துலயும் | புதுசா கத்துக்கறவங்க, கார்டு கம்மியான பாட்டு | நிறைய ஏறும் | கேப்போ இல்லன்னா எல்லாம் திரும்ப | அதிகம் |
| முதல் தடவ மட்டும் | ஒண்ணு ரெண்டு புது வடிவம் உள்ள பாட்டு | கொஞ்சம் ஏறும் | கொஞ்சம் திருத்தம் | நடுத்தரம் |
| மேல ஒரே வரிசை | கொயர், ரெண்டு கிட்டார் உள்ள குழு | ஏறாது | கேப்போ நம்பர் மட்டும் | கம்மி |
| தனித் தாள் | ட்ரூப், பாட்டு தெரிஞ்சவங்க | நொட்டேஷன்ல ஏறாது | ஒரு வரி மாத்தம் | ஃபைல் ரெண்டு |

## சரி, சாஃப்ட்வேர் மாத்தணுமா?

மியூஸ்ஸ்கோர் காசு இல்லாதது, அடுத்த வருஷம் ஃபைல திறக்கற தம்பிகிட்டயும் அதுதான் இருக்கும், இந்த ஒரு காரணத்துக்கே நம்ம ஊர் கொயருக்கு அது போதும்னு சொல்லுவேன். பழைய வெர்ஷன்ல ஒரு பொறி இருக்கு: சுருதிய மாத்தினா மேல கார்டு பேர் மாறும், கீழ படத்துல புள்ளிங்க அப்படியே நிக்கும். பேர் டி ஃபிளாட்டுன்னு இருக்கும், வடிவம் சியோடது. ஸ்கிரீன்ல கண்ணுக்குத் தெரியாது, கிட்டார்காரர் விரல வச்சாத்தான் தெரியும். அதனால சுருதி மாத்தறதா இருந்தா டயகிராம் போடறதுக்கு முன்னாடி மாத்துங்க. 4.6 வெர்ஷன்ல கார்டு பேர்ல இருந்தே டயகிராம சேத்துக்கலாம், பாட்டுல வந்த டயகிராம் எல்லாத்தையும் மேல தொகுப்பா போடற வசதியும் வந்துருக்கு, அதாவது நான் சொன்ன மூணாவது வழி இப்ப கையால கட்ட வேண்டியதில்ல. இன்னும் 3ல ஓட்டிக்கிட்டு இருக்கறவங்க சாஃப்ட்வேர மாத்தறதுக்கு முன்னாடி வெர்ஷன மாத்திப் பாருங்க.

சிபெலியஸ்ல கார்டு பேரும் படமும் ஒரே பொருள். டைப் பண்ணா ரெண்டும் சேந்து வரும், சுருதி மாத்தினா ரெண்டும் சேந்து மாறும், வடிவம் பிடிக்கலன்னா அதே கார்டுக்கு வேற வடிவம் கேக்கலாம். ஒவ்வொரு இடத்துலயும் படம் வேணும்னு முதல் வழியில பிடிவாதமா இருக்கறவங்களுக்கு இது சௌகரியம்தான். ஆனா முழு வசதிக்கு காசு கட்டணும், வருஷத்துக்கு ஒரு தடவ கிறிஸ்துமஸுக்கு மட்டும் நொட்டேஷன் போடறவங்களுக்கு கட்டுப்படியாகாது. உங்க ஃபைல திறக்க அடுத்தவர்கிட்டயும் அது இருக்கணும், அதையும் கணக்குல சேத்துக்கங்க.

டொரிகோ இந்த விஷயத்துல ரொம்ப ஒழுங்கு. டயகிராம் யாருக்குத் தெரியணும்னு வாசிக்கிற ஆள வச்சு சொல்லலாம், கிட்டார் தாள்ல மட்டும் வரும், கொயர் தாள்ல வராது. பாட்டு ஆரம்பத்துல வந்த டயகிராம் எல்லாத்தையும் கட்டமா போடற வசதி பல வருஷமா இருக்கு. கம்பிச் சுருதியப் பாத்து வடிவத்த அதுவே கணக்கு போடறதால டிராப் டி மாதிரி மாத்தின ட்யூனிங்குக்கும் சரியா வரும். இலவசமா எஸ்இன்னு ஒண்ணு குடுக்கறாங்க, கொயரும் கிட்டாரும் கீபோர்டும்னா அதுலயே முயற்சி பண்ணிப் பாக்கலாம், ஆனா நுணுக்கமா இழுத்து வைக்கிற வேலை எல்லாம் காசு குடுத்து வாங்கற பெரிய பதிப்புலதான். பழகறதுக்கு நாள் ஆகும், டிசம்பர் 10ஆம் தேதி ஆரம்பிக்காதீங்க, ஜூன் மாசம் சும்மா இருக்கும்போது ஆரம்பிங்க.

லில்லிபாண்ட் மௌஸே இல்லாத சாஃப்ட்வேர், எல்லாம் டைப் பண்ணணும். அதனாலயே இந்த முட்டல் மோதல் அதுல கம்மி, டயகிராமுக்குன்னு தனி வரி ஒண்ணு ஒதுக்கி அதுக்குள்ளயே எல்லாத்தையும் நேரா நிறுத்திடும், படிக்கட்டுங்கற பேச்சுக்கே இடம் இல்ல. தயார் வடிவம் இல்லாத கார்டுக்கு அதுவே ஒரு விரல் வைப்ப கணக்கு பண்ணிப் போடும், அது சில சமயம் மனுஷ விரலுக்கு எட்டாததா இருக்கும், கிட்டார எடுத்து வச்சுப் பாத்துட்டு அச்சுக்குக் குடுங்க. கோட் எழுதத் தெரிஞ்ச இஞ்சினியரிங் பசங்களுக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போயிடும், மத்தவங்கள நான் இதுக்கு இழுக்க மாட்டேன். அடுத்த ஆளுக்கு ஃபைல ஒப்படைக்கறது இதுலதான் பெரிய கஷ்டம்.

ஃபினாலேங்கற இன்னொரு நொட்டேஷன் சாஃப்ட்வேர் வச்சிருக்கறவங்க கதை தனி. அத இனிமே வளர்க்கப் போறதில்லன்னு அந்தக் கம்பெனியே 2024 ஆகஸ்ட் 26ல அறிவிச்சிட்டாங்க. ஃபினாலேல கார்டு உயரத்த ஸ்டாஃபுக்கு இடது பக்கம் உள்ள நாலு முக்கோணத்த வச்சு நகத்தணும், நகத்தறது பேரையா படத்தையான்னு மெனுல சொல்லணும், எது பாட்டு முழுக்க நகத்தும் எது ஒரு வரிய மட்டும் நகத்தும்னு பழகினவங்களுக்குக் கைப்பாடமா இருக்கும், அந்தப் பழக்கம் வேற எங்கயும் உதவாது. இருக்கற ஃபைல எல்லாம் அது திறக்கற கம்ப்யூட்டர் இருக்கும்போதே மியூசிக் எக்ஸ்எம்எல்லா (மத்த நொட்டேஷன் சாஃப்ட்வேரும் திறக்கற பொது ஃபைல் வகை) ஏத்துமதி பண்ணி வைங்க, கூடவே ஒரு பிடிஎஃபும். மியூசிக் எக்ஸ்எம்எல்ல டயகிராமோட கம்பி, ஃப்ரெட், விரல் எல்லாம் எழுத இடம் இருக்கு, ஆனா நீங்க உக்காந்து சரி பண்ணி வச்ச உயரமும் இடைவெளியும் அடுத்த சாஃப்ட்வேர்ல அதே மாதிரி வரும்னு நம்ப வேண்டாம். புதுசுல திறந்ததும் நான் முதல்ல பண்றது வந்த டயகிராம் எல்லாத்தையும் மொத்தமா அழிச்சுட்டு கார்டு பேர மட்டும் விட்டு வைக்கிறது, அப்புறம் பிடிஎஃப்ப பக்கத்துல வச்சுக்கிட்டு தேவையான வடிவத்த மட்டும் மேல வரிசையா புதுசா போடறது. வந்தத இழுத்து இழுத்து ஒழுங்கு பண்றதவிட இது சீக்கிரம் முடிஞ்சிடும், பழைய தாள்ல யாரோ எப்பவோ தப்பா வச்ச விரலும் அப்பதான் கண்ணுல படும்.